வாடை அடிக்குதா

வாடை வடக்கிலிருந்து வீசும் காற்று என்பது தமிழ் மக்களிடையே வேரோடிப்போன பெரும் பிழைகளில் ஒன்று. பாடநூல்கள் இதை வளர்த்தன, பட்டிமன்றங்கள் இதற்குத் தண்ணீர் ஊற்றின, வானிலை வாசிப்பவர்கள் இன்றுவரை இதற்காக வருத்தம் தெரிவித்ததில்லை. சோழமண்டலக் கரையில் ஐப்பசியில் வீசும் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. அதற்கு முன் சில நாள் கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். இரண்டையும் ஒன்றென்று எழுதுகிறவன் ஒருநாள் கடலுக்கு வந்து பார்க்க வேண்டும். இப்படித் தனக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டு அறவாழி, தான் அப்படிக் கடலுக்கு வந்து பார்ப்பது வாழ்க்கையில் இதுதான் மூன்றாவது நாள் என்பதும் நினைவுக்கு வர, சுக்கான் கட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். மணி இரண்டு நாற்பது. காலை ஐந்து மணிக்குப் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய இருபத்துநாலடிப் பாய்மரப் படகு தெற்கே காரைக்காலை நோக்கி, ஒரு ஆள் நிதானமாக ஓடுகிற வேகத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் ஏழெட்டு மைலுக்கு அப்பால் கரை ஒரு பென்சில் கோடு. மேலே பெய்த மழையையெல்லாம் கொள்ளிடம் கொண்டுவந்து கொட்டியதில் கடல் நீலத்தைக் கைவிட்டு, ஆறிப்போன டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. படகின் பெயர் சுண்டைக்காய். அவர் ஐந்து பெயர்கள் எழுதிக் கொடுத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்போடு. அவர் மனைவி குமுதவல்லி அதை முழுக்கப் படித்துவிட்டு, பெயிண்ட் டப்பாவைத் திறந்து சுண்டைக்காய் என்று எழுதிவிட்டாள். படகு அவளுடையது. முப்பது வருஷம் துறைமுகத்தில் கடலடி ஆழங்களை வரைபடமாக வரைந்தவள், ஓய்வுபெற்ற மறுநாளே, வரைந்ததையெல்லாம் நேரில் பார்க்கப் போகிறேன் என்றாள். அவர் முப்பத்தோரு வருஷம் ஓர் அகராதித் திட்டத்தில் இருந்தவர், வகர வரிசை முழுக்க அவர் கைபட்டது. எழுதியதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பெயரிலேயே கடல் இருக்குதே சார் என்று படகுத்துறையில் ஒருவர் சொன்னபோது, அறவாழியில் உள்ள ஆழி கடலா சக்கரமா என்பதில் உரைகாரர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, நான் சக்கரத்தின் பக்கம் என்று விளக்கினார். கேட்டவர் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வாடையைப் பற்றி இவ்வளவு யோசிக்கக் காரணம் இருந்தது. காலையில் குமுதவல்லி சொல்லியிருந்தாள்: இப்போது காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது, பயமில்லை, வாடை ஏறி நேர் பின்னாலிருந்து அடிக்க ஆரம்பித்தால் பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரளும், நடுவில் யார் தலை இருக்கிறது என்று பார்க்காது, அதனால் வாடை வந்தால் என்னை எழுப்புங்கள். அவர் மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு இரண்டே காலுக்கு, ஜலதோஷ மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவள் படுக்கக் கிளம்பினாள். நாலு மணிக்கு எழுப்புங்க, எழுந்ததும் டீ போடறேன் என்றாள். உள்ளறைக் கதவில் கைவைத்தபடி நின்று, ஒரு நிமிஷம் கழித்து, கேட்டாள்: "ஏங்க, வாடை அடிக்குதா?" அவர் பாயைப் பார்த்தார், கொடிபோல் கட்டியிருந்த நூலைப் பார்த்தார், நூல் கிழக்கிலிருந்து மேற்கே பறந்தது. "இல்ல, இன்னும் இல்ல" என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். கொண்டலுக்கும் வாடைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அவருடைய வாதங்கள் எப்போதும் வென்றிருக்கின்றன. ஆனால் ஏதோ ஒன்று இடறியது. அச்சுப்படியில் ஒரு சொல் சரியாகத்தான் இருக்கும், இருந்தும் கண் அந்த வரியைத் தாண்ட மறுக்கும், அப்படி. அவள் எப்படி நின்றாள்? கதவில் கை. முகம் உள்ளே. மூக்கை உறிஞ்சினாள், இரண்டு தடவை, அடைத்த மூக்கால் எதையோ பிடிக்கப் பார்க்கிறவள் மாதிரி. காற்றைப் பற்றிக் கேட்கிறவள் பாயைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள், கன்னத்தைத் திருப்பிக் காட்டுவாள். குமுதா அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். வாடை என்ற சொல்லை ஒரே பதிவாக வைக்கலாம் என்று முதன்மைப் பதிப்பாசிரியர் சொன்னபோது நான்கு பக்கக் குறிப்பு எழுதி எதிர்த்தவர் அறவாழி; காற்று வேறு, நாற்றம் வேறு, ஒலி ஒன்றாக இருப்பது வெறும் தற்செயல், ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை உறவுமில்லை என்று வாதாடி, தலைமேல் சின்ன எண் போட்டு இரண்டாகப் பிரித்து வைத்தார். அவள் இரண்டாம் எண்ணில் கேட்டிருக்கிறாள். அவர் முதலாம் எண்ணில் பதில் சொல்லியிருக்கிறார்.

அதுவாவது போகட்டும், கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பார்? இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கு எந்த வாடையும் அடிப்பதில்லை. நாலு வருஷமாக. ஊரையே படுக்கப்போட்ட காய்ச்சல் அவருக்கு ஆறே நாளில் விட்டது, ஏழாம் நாள் காலை டம்ளரில் இருந்தது காபி அல்ல, சூடு. அவ்வளவுதான் தெரிந்தது, சூடு. பத்து நாளில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். பதினோராம் நாள் குமுதா பால் பாத்திரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள், இருபத்தைந்து வருஷமாக நீட்டுவதுபோல. அவளுக்கு மூக்கில் சதை வளர்ந்து, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாதி வாசனை கிடையாது, அதனால் இந்த வீட்டுக்கு மூக்கு நீங்கதான் என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். ஃபியூஸ் போடுவது அவள், கார் ஓட்டுவது அவள், வங்கிக்குப் போவது அவள், பல்லி அடிப்பது அவள். பால் கெட்டுவிட்டதா, நேற்றைய ரசம் தாங்குமா, அடுப்பை மூடினோமா என்பது மட்டும் அவர். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே பதவி. பாத்திரம் முகத்துக்கு நேரே வந்தபோது பதவியை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. நல்லாருக்கு என்றார். நல்லாத்தான் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த தொழில். பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார், டம்ளரைச் சாய்த்து விளிம்பில் எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பார், ரசத்தின் நுரையைப் படிப்பார், சந்தேகம் வந்தால் கொட்டிவிடச் சொல்வார். கொட்டச் சொல்கிற மூக்கை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரே ஒரு தடவை புத்தக அலமாரிக்குப் பின்னால் எலி செத்து நாலு நாள் கிடந்தது. வந்த விருந்தாளி வாசலிலேயே கைக்குட்டையை எடுத்தார். பழைய புத்தகத்தின் மணம் என்று நினைத்தேன் என்று சமாளித்தார், எல்லோரும் சிரித்தார்கள், குமுதாவும் சிரித்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சிரிப்பு ஓய்ந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகாவது. போன மாதம், படகுக்குச் சின்ன காஸ் சிலிண்டர் வாங்கி வந்தபோது. காஸ் காற்றைவிடக் கனம், வீட்டில் என்றால் கதவிடுக்கில் போய்விடும், படகுக்கு அடியில் ஓட்டையே கிடையாது, தண்ணீர் மாதிரி கீழே தேங்கி நிற்கும், நல்லவேளை நீங்க இருக்கீங்க என்று அவள் சொன்னாளே, அப்போது. அந்த நல்லவேளையில் அவர் மார்பு கொஞ்சம் விரிந்துகூடக் கொடுத்தது.

அடுப்பைக் கடைசியாகத் தொட்டது யார் என்ற கேள்வியை அவர் கொஞ்ச நேரம் கிட்டே வரவிடாமல் வைத்திருந்தார். அலைகளை எண்ணினார். ஏழாவது அலை பெரியது என்று சொல்வதும் ஆதாரமற்றது. பதினொன்று எண்ணுவதற்குள் கேள்வி வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டது. தொட்டது அவர். ஒன்றரை மணிக்குத் தொண்டை கமறுகிறது என்று வெந்நீர் வைக்கப் போனார், அவள் சுக்கானில் இருந்தாள், படகு ஒரு தூக்குத் தூக்கியது, பாத்திரத்திலிருந்து ததும்பிய தண்ணீரில் ஜுவாலை அணைந்தது, போதும் இந்தச் சூடு என்று குடித்தார், அடுப்பின் திருகை மூடினார். மூடினாரா? திருகினார். கை திருகிய ஞாபகம் இருக்கிறது, வலப்பக்கமாக. வீட்டு அடுப்பில் வலப்பக்கம் மூடும். படகு அடுப்பு எந்தப் பக்கம்? அவள் காட்டிக்கொடுத்தபோது அவர் அடுப்பின் ஊஞ்சல் அமைப்பை வியந்துகொண்டிருந்தார், படகு சாய்ந்தாலும் தான் சாயாத அடுப்பு, ஊஞ்சல் என்ற சொல்லின் வேர் எது என்று. வலப்பக்கமாகத் திருகினால் மூடுமா, அல்லது சிறிய ஜுவாலைக்கு வந்து நிற்குமா? ஜுவாலை இல்லாத சிறிய ஜுவாலை. உஸ் என்ற சத்தத்தைக் கடல் கேட்கவிட்டிருக்காது. இரண்டே முக்கால் ஆயிற்று. ஒன்றரையிலிருந்து கசிந்திருந்தால். கதவு பாதி திறந்திருந்த இடைவெளியில் உள்ளே தெரிந்தது ஒரே ஒரு பொருள்: தாழ்ந்த படுக்கையின் ஓரத்தில் குமுதாவின் இடது பாதம், இரண்டாம் விரலில் மெட்டி. படகு சாயும்போது பாதம் சாய்ந்தது, நிமிரும்போது நிமிர்ந்தது. ஒரு பாதம் தானாக அசைகிறதா, அதைப் படகு அசைக்கிறதா என்று இரண்டு கஜ தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? தன்வினை, பிறவினை என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். குமுதா, என்றார். பிறகு கொஞ்சம் உரக்க. முப்பத்தோரு வருஷம் வாசகசாலைக் குரலில் பேசிய தொண்டை. காற்று அதை வாயிலேயே வாங்கிக்கொண்டது. பாதம் சாய்ந்தது. மாத்திரை போட்டிருக்கிறாள், அதனால் தூங்குகிறாள். மாத்திரை போட்டவளும் இப்படித்தான் கிடப்பாள், மற்றதும் இப்படித்தான் கிடக்கும். தரையில் தேங்கி, பலகைக்கு வந்து, படுக்கையின் விளிம்புக்கு வந்து, நிறமில்லாமல், அவருக்கு மணமும் இல்லாமல், காதுமடலுக்கு, மூக்குக்கு. அவள்தான் சொன்னாள் தண்ணீர் மாதிரி என்று. சுக்கானை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தால் கதவு. கையை எடுத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்றுக்குள் படகு முகத்தைக் காற்றுப்பக்கம் திருப்ப, பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, அந்தக் கனத்த அடிக்கட்டை தலைக்கு மேல் உதறியது. பாய்ந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டார். பாதம் ஆடி நின்றது.

மார்பில் ஒரு விசில் தொங்கியது. மிதவைச் சட்டையோடு சேர்த்து அவள் கட்டிவிட்டது. கண்டக்டர் மாதிரி இருக்கிறது என்று அவர் கேலி செய்தது. விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். விசில் சத்தம் கேட்டால் நீங்க தண்ணிக்குள்ள விழுந்துட்டீங்கன்னு அர்த்தம், நான் மொதல்ல எஞ்சினைத்தான் போடுவேன், அப்புறம்தான் மேல வருவேன் என்று பாடம் நடத்தியிருந்தாள். எஞ்சின் சாவி அடுப்புக்குக் கீழே. ஒரு சின்னப் பொறி போதும். விசில் ஊதாமல் விட்டாலும் நாலு மணிக்கு அவளே எழுந்தால், எழுந்ததும் டீ. லைட்டர் படுக்கைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. கண்ணைத் திறக்காமலே எடுப்பாள். எழுப்பினால் ஆபத்து, எழுப்பாவிட்டால் அதைவிட. செல்போன் உள்ளே அவர் பையில், அதுவும் காஸுக்கு நடுவில் மணியடிக்கலாமா என்பது பற்றி அவர் எதிலோ படித்திருக்கிறார், என்ன படித்தார் என்பது போய்விட்டது, படித்தது மட்டும் இருக்கிறது. ஒருவேளை எதுவுமே இல்லையோ. திருகு மூடித்தான் இருக்கிறது, அவள் முகர்ந்தது நேற்றைய மீன்குழம்பு, கேட்டதும் சும்மா. அப்படியானால் எழுப்பினால் என்ன சொல்வது? ஏன் எழுப்பினீங்க என்பாள். வாடை அடிக்குது என்று சொல்லிவிடலாம். இரண்டில் எந்த எண் என்று கேட்டாளானால், அடுப்பைக் காட்டி, இப்பத்தான் லேசா வருது என்று. பதவி பிழைத்துவிடும். அந்த யோசனை எவ்வளவு சுகமாக வந்து மடியில் உட்கார்ந்தது என்பதைப் பார்த்து அவருக்கே கூச்சமாக இருந்தது. பாதத்துக்கும் மெட்டிக்கும் முன்னால், இரண்டு கஜத்தில் அவள் எப்படிக் கிடக்கிறாள் என்றே தெரியாதபோது, அவர் இன்னும் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். லேசா என்று சொன்னால் அவள் லேசான காரியம்தான் செய்வாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, போயிடுச்சா பாருங்க என்பாள். அப்போது அவர் காற்றில் மூக்கை நீட்டி, தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் லைட்டரை எடுப்பாள். மூன்று இருபது. தூறல் விழத் தொடங்கியது. கொடிநூல் கொஞ்சம் தெற்கே சாய்ந்தாற்போல் இருந்தது. முதலாம் எண்ணும் கிளம்பிவிட்டது போலும், அதற்கும் இன்றைக்குத்தான் நேரம்.

வலது காலைத் தூக்கி, சுக்கான் கட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றினார். முதல் செருப்பு கதவில் பட்டுத் திரும்பி வந்து கடலுக்குள் போயிற்று. இரண்டாவதை எறிவதற்கு முன்னால், பள்ளியில் பந்து எறியும்போது அவரை எல்லைக்கோட்டில் கூட நிறுத்தமாட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. எறிந்தார். மெட்டியில் பட்டது. பாதம் உள்ளே இழுத்துக்கொண்டது; தன்வினை, ஐயத்துக்கு இடமில்லாமல் தன்வினை. இருமல் சத்தம் வந்தது, பிறகு மூக்கடைத்த குரல்: "என்னங்க, வாடை வந்துடுச்சா?"

"எதையும் தொடாத. லைட்டரத் தொடாத, எஞ்சினத் தொடாத. அப்படியே மேல வா."

கதவிடுக்கில் முகம் வந்தது, கன்னத்தில் தலையணை மடிப்பு. ஒரு கை நெற்றியைப் பிடித்திருந்தது. தலை பாரமாக இருக்கிறது, மாத்திரை என்றாள். அவர் சொன்னார்: "எனக்கு வாடை தெரியாது, குமுதா. நாலு வருஷமாத் தெரியாது."

"அது தெரிஞ்சதுதானே. காத்து எந்தப் பக்கம்னு உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

"காத்து இல்ல" என்று அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "இது."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், குனிந்தாள், திருகின்மேல் அவள் கை போவது தெரிந்தது, அது திரும்பியது, நிறையவே திரும்பியது. சிலிண்டரின் வாயையும் மூடினாள். மூச்சை உறிஞ்சிப் பார்த்தாள். அடைத்த மூக்கு விசில்போல் சத்தமிட்டது, அவ்வளவுதான். எவ்வளவு போயிருக்கும் என்று தெரியவில்லை என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. மேலே வந்து, கிடந்த கயிறு ஒன்றை எடுத்து, சுக்கான் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி இரு பக்கமும் முடிந்துவிட்டாள். அரை நிமிஷம் ஆகவில்லை. படகு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவுகளையெல்லாம் அகலத் திறந்துவிட்டு, அவள் பிளாஸ்டிக் வாளியோடு திரும்ப உள்ளே இறங்கினாள். காஸ் தண்ணீர் மாதிரி, அதனால் தண்ணீரைப்போலவே மொண்டுதான் ஊற்ற வேண்டும் என்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு தரையோடு வாளியைச் சாய்த்து மொண்டு, நிமிர்ந்து, நிறை வாளியைத் தூக்குகிற கவனத்தோடு அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். எடையே இல்லை. தளும்பாமல் கொண்டுபோய், காற்று போகிற பக்கம் கவிழ்த்தார். கடலில் எதுவும் விழவில்லை. காலி வாளியைக் கொடுத்தார், காலி வாளியை வாங்கினார். இருவரில் யாருக்கும் அது காலியா நிறைவா என்று தெரிய வழியில்லை. இருபது வாளிக்கு ஒருமுறை அவள் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். நாற்பதாவது வாளியை நீட்டியவள் பிடியை விடாமலே கேட்டாள்: "அப்ப நாலு வருஷமா எனக்கு எதை மோந்து சொன்னீங்க?"

"பாத்து சொன்னேன்."

"அந்த எலி?"

அவர் வாளியைத் தன்பக்கம் இழுத்தார். அவள் விட்டாள். அவர் ஊற்றிவிட்டு வந்தார். நூறுக்கு மேல் எண்ணவில்லை. நாலரை மணிவரை மொண்டார்கள், போதுமா என்று சொல்ல ஆளில்லாததால் அதற்கு மேலும் அரை மணி. டீ இல்லை, எஞ்சினும் இல்லை. பாயை வைத்துக்கொண்டே, அவள் சுக்கானிலும் அவர் வெறுங்காலோடு முன்பக்கத்திலுமாக, கரையில் விளக்குகள் ஏற்றப்பட்ட பிறகு காரைக்காலுக்குள் போனார்கள். வாடை ஏறி நேர் பின்னால் வந்திருந்தது. அடிக்கட்டை புரண்டபோது, குனிங்க என்று மட்டும் சொன்னாள், அவர் குனிந்தார். படகைக் கட்டிவிட்டு வெளியே வந்ததும் பெட்டிக்கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கினாள். மூலையைப் பல்லால் கிழித்தாள். அவர் பழக்கத்தில் முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். அவள் பாக்கெட்டை அவரைத் தாண்டி, படகுத்துறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியிடம் நீட்டி, அண்ணே, இது கெட்டிருக்கான்னு கொஞ்சம் மோந்து பாருங்க என்றாள். காவலாளி மோந்து பார்த்து, நல்லாருக்கும்மா என்றார்.